புகழரங்கின் வாயில்

நுழையும்முன்

தம்முள் சிறந்தவரைப் போற்றுவது சமூகத்தின் கடமை. அனைவரையும் போற்றினால் பாராட்டு மதிப்பிழக்கும்; தகுதியுடையவரை விலக்கினால் பாராட்டுவோர் மதிப்பிழப்பர். எத்தனை பேரைச் சேர்ப்பது, எந்த அளவுகோலால் சேர்ப்பது என்னும் வினா விளையாட்டுத் துறையில் தொடர்ந்து எழுந்துகொண்டே இருக்கிறது. அவ்வினாவைத் தம் வாழ்க்கையால் ஒரு நாட்டின் முன் வைத்த அமெரிக்கப் பேஸ்பால் வீரர் சாட்சல் பெய்ஜின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கூப்பர்ஸ்டவுன் புகழரங்கம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. பேஸ்பால் ஆட்டத்தின் மேதைகளைப் போற்றும் புகழரங்கம் இவ்வூரில் 1939-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1936-இல், முதல் தேர்தல் நடைபெற்றது. டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய ஐவர் மட்டுமே அதில் தேர்வாயினர். தேர்வானவர் ஒவ்வொருவருக்கும் முகமும் சாதனையும் பொறித்த வெண்கலப் பட்டயம் ஒன்று அரங்கில் வைக்கப்படும்.

இவ்வரங்கில் இடம்பெறுவது எளிதன்று. வீரர் மேஜர் லீக் எனப்படும் முதன்மைப் போட்டிகளில் குறைந்தது 10 பருவங்கள் ஆடியிருத்தல் வேண்டும். ஓய்வு பெற்றபின் 5 ஆண்டுகள் கழிந்திருத்தல் வேண்டும். வாக்களிக்கும் விளையாட்டு எழுத்தாளர்களுள் நூற்றுக்கு 75 பேரின் ஆதரவையும் பெற்றாக வேண்டும். எவருக்கும் அந்த ஆதரவு கிட்டாத ஆண்டுகளும் உண்டு. மேஜர் லீக்கில் ஆடியோருள் ஏறத்தாழ நூற்றில் ஒருவரே இவ்வாயிலைக் கடந்துள்ளார்.

விதிகள் கடுமையானவை, அதனால்தான் அப்பெருமைக்கு மதிப்பு நிலைத்தது. ஆனால் 10 பருவங்கள் என்னும் விதியை நிறைவு செய்ய ஒருவருக்கு வாய்ப்பே அளிக்கப்படாவிட்டால், அவ்விதியைக் காட்டி அவரைத் தடுப்பது நேர்மையாகுமா? சாட்சல் பெய்ஜின் வாழ்க்கை எழுப்பிய வினா இதுவே.

பை சுமந்த சிறுவன்

லீராய் ராபர்ட் பெய்ஜ், அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் 1906-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பிறந்தார். தந்தை தோட்டக்காரர், தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பொருளீட்டியவர். பிள்ளைகள் பலர் இருந்த அக்குடும்பத்தில் வறுமை நிலையாகக் குடியிருந்தது. சிறுவன் லீராய் தொடர்வண்டி நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து காசு ஈட்டினான். ஒரே வேளையில் பல பைகளைத் தூக்குவதற்காகக் கழி ஒன்றில் கயிறு கட்டி, அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுமந்தான். அதனால், தோள்பையைக் குறிக்கும் ‘சாட்சல்’ என்னும் சொல்லே அவனுக்குப் பெயராகி, வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லாமை, கடையில் சிறு பொருள்களைத் திருடியமை ஆகிய காரணங்களுக்காக, 12 வயது நிறைந்த சில நாள்களிலேயே லீராய் மவுண்ட் மெக்ஸ் என்னும் ஊரிலிருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இருக்க நேர்ந்தது. சிறுவனின் நீண்ட கைகளையும் எறியும் ஆற்றலையும் கண்ட பயிற்சியாளர் ஒருவர் அவனுக்கு முறையாகப் பந்தெறியக் கற்பித்தார். இடது காலை உயரத் தூக்கி, மட்டையாளரின் பார்வையை மறைத்து, வலக்கையால் பந்தை விடுவிக்கும் பாணி அங்கேயே உருவாயிற்று. 1923-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தபோது லீராய் 17 வயது இளைஞர். கையில் ஒரு கலை இருந்தது.

கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்பி மட்டையாளரை அடைவது வழக்கம். பேஸ்பாலிலோ எறிபவர் ஏறத்தாழ 60 அடித் தொலைவிலிருந்து, தரையில் படாமல், மட்டையாளரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளியில் பந்தைச் செலுத்த வேண்டும். வேகமும் குறி தவறாமையும் இதற்கு இன்றியமையாதவை. பெய்ஜிடம் இரண்டும் இருந்தன. மிட்டாய் சுற்றிய தாள் ஒன்றைத் தரையில் வைத்து, அதன் நேர்மேலே பந்து செல்லுமாறு எறிந்து காட்டுவார் என்பர்.

எழுதப்படாத தடை

அக்கால அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மேஜர் லீக்கில் ஆடக்கூடாது என எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அணி உரிமையாளர்கள் தமக்குள் உடன்பாடு கொண்டிருந்தனர். எந்த அணியும் கறுப்பின வீரரைச் சேர்க்கவில்லை. எழுதப்பட்ட விதியாயின் எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாத தடைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே அது நெடுங்காலம் நிலைத்தது.

இந்நிலையில் கறுப்பினத்தவர் தமக்கெனப் போட்டி அமைப்புகளை உருவாக்கிக்கொண்டனர். 1920-ஆம் ஆண்டு ரூப் பாஸ்டர் என்பவரின் முயற்சியால் கன்சாஸ் நகரில் நீக்ரோ தேசிய லீக் தொடங்கப்பெற்றது. ‘நீக்ரோ லீக்’ என அக்காலத்தில் வழங்கிய இத்தகைய போட்டிகளில் ஆட்டத்தின் தரத்துக்குக் குறைவில்லை. பணத்துக்கும் பதிவேடுகளுக்குமே குறைவு இருந்தது. ஓரிரவில் பேருந்தில் நெடுந்தொலைவு சென்று, மறுநாள் இரண்டு ஆட்டங்கள் ஆடுவதும் உண்டு. பல ஊர்களில் உணவகங்களும் விடுதிகளும் அவ்வீரர்களுக்குக் கதவடைத்தன. நாளிதழ்கள் பலவும் அவர்களின் ஆட்டங்களை முழுமையாகப் பதிவு செய்யவில்லை. இக்குறை பிற்காலத்தில் அவர்களுக்கே எதிராகத் திரும்பியது.

ஊர் ஊராய் ஓர் எறிவீரர்

1926-இல் சட்டனூகா நகர அணியில் தம் தொழில்முறை வாழ்வைத் தொடங்கிய பெய்ஜ், பர்மிங்காம், பிட்ஸ்பர்க், கன்சாஸ் நகரம் எனப் பல அணிகளில் ஆடினார். நல்ல ஊதியம் எங்குக் கிடைத்தாலும் அங்கே சென்றார். இதனால் ஒப்பந்தத்தை மதியாதவர் என்னும் பழியும் அவர்மீது சுமத்தப்பட்டது. முதன்மை அரங்கு அடைக்கப்பட்ட ஒருவர்க்குத் தம் வலக்கையே மூலதனமாயிற்று. அதனை அவர் விலை பேசினார்.

வட டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் நகரில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்த அணி ஒன்றில் அவர் ஆடினார். அந்நகரில் கறுப்பினத் தம்பதியர்க்கு வீடு கிடைக்காமையால், பழைய தொடர்வண்டிப் பெட்டி ஒன்றே அவர்க்கு வீடாயிற்று. அந்த அணிதான் 1935-இல் விசிட்டா நகரில் நடந்த தேசியப் போட்டியில் வாகை சூடியது. 1937-இல் கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசிலும் அவர் ஆடினார்.

1938-இல் மெக்சிகோவில் ஆடியபோது அவரது வலக்கை செயலற்றுப் போயிற்று. பந்தைத் தூக்கவும் இயலாத நிலையில், அவர் ஆட்டம் முடிந்தது எனப் பலரும் கருதினர். கன்சாஸ் நகர மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் வில்கின்சன், தம் இரண்டாம் நிலை அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். சில மாதங்களில் கை மீண்டும் உயிர்பெற்றது. அதன்பின் பெய்ஜ் வேகத்தை மட்டும் நம்பவில்லை. எறியும் கோணத்தையும் காலத்தையும் மாற்றி மாற்றி மட்டையாளரை ஏமாற்றும் நுட்பத்தைக் கைக்கொண்டார். 1942-ஆம் ஆண்டு நீக்ரோ உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை மோனார்க்ஸ் அணி 4–0 என வென்றது. அத்தொடரில், அக்காலத்தின் தலைசிறந்த மட்டையாளரான ஜோஷ் கிப்சனைத் தளங்கள் நிறைந்திருந்த நெருக்கடியில் பெய்ஜ் ஆட்டமிழக்கச் செய்தது இன்றும் பேசப்படுகிறது.

அவரது திறனை அளக்க வேறொரு சான்றும் உண்டு. பருவம் முடிந்தபின் மேஜர் லீக் வீரர்கள் பொருளீட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடுவர். அவற்றில் நிறத்தடை இல்லை. டிசி டீன், பாப் பெல்லர் போன்ற புகழ்மிக்க எறிவீரர்களுடன் பெய்ஜ் நேருக்கு நேர் மோதினார். அவரை எதிர்கொண்ட ஜோ டிமாஜியோ போன்ற மட்டையாளர்கள் அவரைத் தாம் கண்ட மிகச் சிறந்த எறிவீரராகப் போற்றினர். காசுக்காக ஆடிய களத்தில் இருதரப்பினரும் சமமாயினர். பதிவேட்டில் மட்டும் சமமாகவில்லை.

நாற்பத்திரண்டில் புதுமுகம்

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது நிறத்தடை உடைந்தது. அத்தடையை உடைக்கும் முதல்வராகத் தாமே இருக்க வேண்டும் என்று பெய்ஜ் நெடுங்காலம் விரும்பியிருந்தார். இளமையைச் சிறு ஊர்த் திடல்களில் செலவிட்ட அவர்க்கு அவ்வாய்ப்புக் கிட்டாமை ஆழ்ந்த மனவருத்தம் தந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று, தம் 42-ஆம் பிறந்தநாளில், கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ என்னும் செல்வாக்கு மிக்க விளையாட்டு இதழ் இதனைக் கண்டித்தது. முதியவர் ஒருவரைச் சேர்ப்பது மேஜர் லீக்கின் தரத்தைத் தாழ்த்தும் என்பது அவ்விதழின் வாதம். பெய்ஜ் களத்தில் விடையளித்தார். அப்பருவத்தில் அவர் 6 வெற்றிகளையும் ஒரே ஒரு தோல்வியையும் பெற்றார். ஆகஸ்ட் 20 அன்று இரவு அவர் எறிவதைக் காண 78,382 பேர் கிளீவ்லாந்து திடலில் திரண்டனர். எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் அவர் வென்றார். அவ்வாண்டு உலகத் தொடரைக் கிளீவ்லாந்து வென்றது. உலகத் தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பின வீரர் என்னும் சிறப்பும் அவருக்கு உரியதாயிற்று.

பின்னர்ச் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக மூன்று பருவங்கள் ஆடினார். 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 1965-இல், தம் 59-ஆம் வயதில், கன்சாஸ் நகர அணிக்காக ஒரு நாள் களமிறங்கி, பாஸ்டன் அணிக்கு எதிராக மூன்று சுற்றுகள் ஓட்டமெதுவும் கொடாமல் எறிந்தார். இவையெல்லாம் சேர்ந்தும் மேஜர் லீக்கில் அவர் ஆடியவை 6 பருவங்களே. வெற்றி 28, தோல்வி 31. ஏட்டளவில் நோக்கினால் இவை புகழரங்குக்குரிய எண்கள் அல்ல.

பக்க அறையில் ஓர் இடம்

1966-இல் புகழரங்கில் சேர்க்கப்பட்ட டெட் வில்லியம்ஸ், தம் ஏற்புரையில் சாட்சல் பெய்ஜையும் ஜோஷ் கிப்சனையும் பெயர் சுட்டிப் பேசினார். வாய்ப்பு மறுக்கப்பட்ட காரணத்தால் மட்டுமே அவர்கள் அங்கில்லை என்றும், ஒரு நாள் அவர்களும் சேர்க்கப்பட வேண்டும் என்றும் வெளிப்படையாக வேண்டினார். மகிழ்ச்சிக்குரிய விழாவில், விழா எடுத்தவர்களை நோக்கியே எழுப்பப்பட்ட குரல் அது.

நீக்ரோ லீக் வீரர்களைத் தேர்வு செய்யத் தனிக்குழு ஒன்று அமைக்கப்பெற்றது. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்குழு முதலாவதாகப் பெய்ஜைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவருக்கான பட்டயம் ரூத், காப் முதலியோரின் பட்டயங்கள் உள்ள அரங்கில் வைக்கப்படாது. நீக்ரோ லீக் வீரர்களுக்கெனக் காட்சியகத்தில் தனிப்பகுதி ஒதுக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 10 பருவ விதியை அவர் நிறைவு செய்யவில்லை என்பதே கூறப்பட்ட காரணம்.

தனிப் பேருந்து இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய், தனிப்பள்ளி எனப் பிரித்து வைத்த கொடுமையிலிருந்து அந்நாடு மீண்டுகொண்டிருந்த காலம் அது. மறதியிலிருந்து மீட்கப்பட்ட வீரருக்குத் தனி அறையா எனப் பலரும் வினவினர். ஜாக்கி ராபின்சன் கண்டித்தார். விளையாட்டு எழுத்தாளர்களும் எதிர்த்து எழுதினர்.

அவ்வாண்டின் பிற தேர்வுகள் இவ்வாதத்துக்கு வலிமை சேர்த்தன. 1971-இல் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் எவரும் 75 விழுக்காடு பெறவில்லை. ஆனால் முன்னாள் வீரர்களை ஆராயும் மற்றொரு குழு, அதே ஆண்டில் எழுவரைத் தேர்ந்தெடுத்தது. அக்குழுவில் செல்வாக்குடன் விளங்கிய பிராங்கி பிரிஷ், தம்முடன் ஆடிய பழைய தோழர்களுக்குப் பரிந்துரை செய்கிறார் என்னும் குறை எழுந்தது. எழுவருள் டேவ் பான்கிராப்ட், சிக் ஹேபி ஆகிய இருவரும் அவருடைய அணித்தோழர்களே. ஒரு வாயில் பழக்கத்துக்கு நெகிழ்ந்தது. மற்றொரு வாயில் தகுதிக்கு இறுகியது. இரண்டும் ஒரே அரங்கின் வாயில்கள்.

அந்த ஆண்டு ஜூலை 7 அன்று புகழரங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பெய்ஜ் ஏனையோர்க்கு நிகராக முழு உறுப்பினராகச் சேர்க்கப்படுவார் என அறிவித்தது. அன்று அவருக்கு 65-ஆம் பிறந்தநாள். ஆகஸ்ட் 9 அன்று கூப்பர்ஸ்டவுனில் அவர் சிறப்பிக்கப்பட்டார்.

தெரிந்து தெளிவோம்

புகழரங்கம் தன் விதிகளைத் தளர்த்திய வேறு நிகழ்வுகளும் உண்டு. நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகரகுவா மக்களுக்கு உதவிப்பொருள் கொண்டுசென்ற ராபர்ட்டோ கிளெமென்டே, 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். அவருக்காக 5 ஆண்டுக் காத்திருப்பு விதி நீக்கப்பட்டு, 1973-இலேயே அவர் சேர்க்கப்பட்டார். 9 பருவங்களே ஆடி இளமையில் மறைந்த ஆடி ஜாசுக்காக 10 பருவ விதி தளர்த்தப்பட்டு, 1978-இல் அவர் தேர்வானார்.

அளவுகோலின் அறம்

பெய்ஜைச் சேர்ப்பதில் தயங்கியோர் அனைவரும் இனவெறியர் அல்லர். விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் நாளை பலருக்காகத் தளர்த்த நேரிடும். முறையான பதிவுகள் இல்லாத ஆட்டங்களைச் செவிவழிச் செய்தியால் மதிப்பிட முடியாது என்று அஞ்சியோரும் இருந்தனர். இவ்வச்சத்தைப் புறந்தள்ளுதல் கூடாது. வாயில் அகன்றுகொண்டே போனால் உள்ளே நுழைவதற்குப் பொருளில்லை.

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு குறை உண்டு. 10 பருவ விதி, நெடுங்காலம் நிலைத்த திறனை அறிவதற்காக ஏற்பட்டது. பெய்ஜின் திறன் ஏறத்தாழ 40 ஆண்டுகள் களத்தில் நின்றது. விதியின் நோக்கத்தை அவர் நான்கு மடங்கு நிறைவு செய்திருந்தார். அதன் எழுத்தை நிறைவு செய்யவிடாமல் தடுத்தவர்கள் வேறு சிலர். பதிவுகள் இல்லாமையும் அவர் குற்றமன்று. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு, அவர் உள்ளே இருந்ததற்குச் சான்று கேட்பது நேர்மையான அளவுகோல் ஆகாது.

பெய்ஜின் வருகையால் வாயில் தகர்ந்துவிடவுமில்லை. அத்தனிக்குழு 1971 முதல் 1977 வரை ஒன்பது பேரை மட்டுமே தேர்ந்தெடுத்துக் கலைந்தது. ஜோஷ் கிப்சனும் பக் லெனர்டும் 1972-இல் சேர்க்கப்பட்டனர். களத்தில் நிற்கும் ஓர் அணிக்கு ஒன்பது பேர் என்பதால், ஓர் அணியை நிரப்பியதோடு கடமை முடிந்ததாகக் கருதிவிட்டார்களோ என்ற ஐயமும் எழுந்தது. தகுதியை நோக்காமல் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்தால், அதுவும் அளவுகோலின் பிழையே. பின்னர் ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களைத் தேடி, ஆட்ட விவரங்களைத் திரட்டினர். அவ்வாய்வின் துணையுடன் 2006-ஆம் ஆண்டில் மேலும் 17 பேர் தேர்வாயினர். அவர்களுள் அணி உரிமையாளராக விளங்கிய எபா மான்லி, புகழரங்கில் இடம்பெற்ற முதல் பெண்மணி ஆவார்.

1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகள் ஏழும் மேஜர் லீக் தகுதியுடையவை என 2020-இல் அறிவிக்கப்பட்டன. 2024-இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் மட்டைச் சராசரியில் ஜோஷ் கிப்சன் முதலிடம் பெற்றார். அதுவரை அவ்விடத்தில் இருந்தவர், 1936-இல் தேர்வான ஐவருள் ஒருவரான டை காப். தரம் தாழும் என்று அஞ்சி மூடிய கதவைத் திறந்தபோது, தரத்தின் உச்சம் வெளியே நின்றிருந்தது தெரியவந்தது.

சாட்சல் பெய்ஜ் 1982-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் கன்சாஸ் நகரில் மறைந்தார். கிப்சனின் பெயர் பதிவேட்டின் முதலிடத்தை அடைந்ததைக் காண அவர் இல்லை. ஆனால் கூப்பர்ஸ்டவுன் அரங்கில் ரூத்தும் காப்பும் உள்ள அதே சுவர்களின் இடையே அவரது பட்டயம் விளங்குகிறது. புகழரங்கின் வாயில் குறுகியதாக இருக்கலாம். குறுகியதாகவே இருத்தல் வேண்டும். அதன் காவலர் திறனை மட்டுமே அளந்து, வந்தவர் எவ்வழியாக வந்தார் என்பதை நோக்காதபோதுதான் அக்குறுகலுக்குப் பெருமை உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கெனப் புகழ்ப்பலகை ஒன்று அமைப்பதாகக் கொண்டு, அதற்கான தேர்வு விதிகள் ஐந்தை வகுக்க. அவ்விதிகளால் தகுதியுடைய எவரேனும் விடுபடக்கூடுமா என வகுப்பில் ஆராய்க.

2. ‘விதியின் எழுத்து – விதியின் நோக்கம்’ என்னும் பொருளில், பெய்ஜின் வாழ்வைச் சான்றாகக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. ‘புகழரங்கில் சிலரே இடம்பெற வேண்டும்’, ‘பலரும் இடம்பெற வேண்டும்’ என்னும் இரு கருத்துகளை முன்வைத்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.